மண் தேடிய புழு

17.1.1966, திங்கள்
செட்டிபாளையத்தில் இன்றும் மழை. பன்னிரண்டு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பது நான். இன்று தலைமையாசிரியர் பிலிப்பு எல்லோர் முன்னாலும், "புதுசா வந்த பீற்றிஸ் ரீச்சர் கீறின படத்தப் பாத்தீங்களா ரீச்சர்? புழு தாளில ஊருறாப்போல கிடக்கு" என்றார்.

பார்த்தேன். விரல் தடிப்பில் மஞ்சள் புழு, விலாவில் நீலச் சாய்கோடுகள், வாலில் சுருண்ட கொம்பு. வளர்ந்தால் முதுகில் மண்டையோடு போல் அடையாளமுள்ள பெரிய அந்துப்பூச்சி. பள்ளித் தோட்டத்துக் கத்தரியில் அதை முதலில் கண்டது நான். அதை யாரும் கேட்கவில்லை.

20.1
பீற்றிஸ் இங்கே படிப்பிக்க வந்து எட்டு மாதம். கொழும்பில் பூச்சிகளை ஆராயும் ஒருவர் அவளுடைய குறிப்பேட்டைக் கேட்டு எழுதியிருக்கிறாராம். எனக்கேன் ஒருவரும் எழுதவில்லை?

24.1
செய்ததை எழுதத்தான் வேண்டும்.

இடைவேளையில் பீற்றிஸ், புழு வளர்க்கும் பெட்டியோடு ஓடி வந்தாள். "ரீச்சர், இது இலை தின்னுதில்ல. நிறமும் மங்கிப் போச்சு. சுத்திச் சுத்தி ஓடுது. என்ன செய்யிற?"

எனக்குத் தெரியும். கூட்டுப்புழுவாகும் நேரம். புதைய மண் தேடுகிறது. ஒரு பிடி மண் போடு என்று சொல்ல எவ்வளவு நேரம்?

"நோய் பிடிச்சிற்று. மற்றதுகளுக்கும் தொத்தும். எறிஞ்சிருங்க" என்றேன்.

அவள் கண் கலங்கியது. எனக்கு — சந்தோசமாக இருந்தது. ஓம், இருந்தது.

25.1
எறிந்திருப்பாளா?

26.1
எறியவில்லையாம்! "கொல்ல மனம் வரல்ல ரீச்சர். கத்தரிக்குக் கீழ விட்டன். தலையால முட்டி முட்டித் தோண்டி உள்ள போயிற்று. பக்கத்தில குந்தியிருந்து கீறினன்."

ஐந்து படங்கள். புழு புதைவதை நான் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. என்ட பொய்யும் அவளுக்கே வாய்ச்சுப் போச்சு! என்னத்துக்குத்தான் நான் படிச்சன்?

16.2
புழு புதைந்த இடத்தில் பீற்றிஸ் கம்பிவலை கவிழ்த்து வைத்திருந்தாள். பொழுதுபடும் நேரம் பூச்சி வெளியே வந்தது. சிறகு விரிந்து காய்ந்தபின் தொட்டோம். எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. "ரீச்சர், கத்துது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

18.2
கொழும்புக்கு அனுப்புமுன் குறிப்பேட்டைத் திருத்தித் தரச் சொன்னாள். ஜனவரி 24க்கு நேரே: "நோய் என்று எண்ணினோம். தவறு."

எண்ணினோமாம்.

அந்த வரியை வெட்டினேன். "மண் தேடுகிறது என்று தெரிந்தும் நான் இவருக்குப் பொய் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

21.2
பீற்றிஸ் இன்று இடைவேளைக்கும் என்னிடம் வரவில்லை. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், "நீங்க எழுதினத நான் மாத்தல்ல. அப்படியே அனுப்பிற்றன்" என்றாள்.

"நல்லது" என்றேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடமிருந்தும் உட்காராமல் முன்னால் போய் நின்றாள். கல்லடியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "வாறன் ரீச்சர்" என்றாள்.