கை எட்டவில்லை என்றார்கள்

புரட்டாசி 9, வெள்ளி

காலையில் தூறல், அப்புறம் புழுக்கம். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியர் (இனி த.ஆ.), ஒன்றாம் வகுப்பு டீச்சர், என் ஓரகத்தி மங்கா, அவள் மகள் செல்வி, நான், என் மகன் சேகர். ஆறு பேர். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

விஜயதசமிக்குச் சேர்க்கிற பிள்ளைகளை இன்றே பார்த்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. செல்வி தொட்டாள். சேகருக்கு விரல் உச்சந்தலையைத் தாண்டியதோடு சரி. இது மூன்றாவது முறை.

"கை எட்லயேம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஆறு முடிஞ்சிடுச்சி சார். செல்விய வுட பத்து மாசம் பெரியவன்."

"பர்த் சர்டிபிகேட்டு?"

வீட்டில் பிறந்தவன். பதியவில்லை. ஜாதகத்தை நீட்டினேன். த.ஆ. அதைத் தொடவில்லை.

"இட ஒதுக்கீடு வேணும்னு மரத்த வெட்டி ரோட்ல போட்டுட்டீங்க. ஒண்ணாங் கிளாசுக்கே கை எட்ல, காலேஜி சீட்டு இன்னாத்துக்கு?"

மங்கா சிரித்தாள். அவள் வீட்டுக்காரரும் அதே மறியலில் உட்கார்ந்தவர்தான். ஆனாலும் சிரித்தாள்.

புரட்டாசி 10, சனி

வெயில். பெருமாளுக்குத் தளிகை போட்டேன். மனம் நிற்கவில்லை. திருக்கோவிலூரில் உலகத்தையே அளந்தவர் நிற்கிறார். என் பிள்ளையை அளக்க த.ஆ.வுக்கு ஒரு காது போதும். விளக்குக்கு முன்னால் இப்படி நினைத்தது தப்பு. நினைத்தேன்.

கிணற்றடியில் மங்கா: "தலயப் பாத்தாலே தெரிலயாடி? மாடு மேய்ச்சிக்கினு கெடக்கட்டும் வுடு."

"உங்க பொண்ணு அறுபது வரைக்கும் எண்ணுதாக்கா?"

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் பேசமாட்டாள். நல்லது.

சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போன என் வீட்டுக்காரர் மலையிலேயே மாட்டிக்கொண்டார். மறியலால் பஸ் இறங்கவில்லை. ஜீப்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "சண்ட போடாத. நா வந்து பாத்துக்கறேன்." எதைப் பார்த்தார் இதுவரை.

புரட்டாசி 11, ஞாயிறு

சேகர் கணக்கை முதலிலிருந்து எடுத்தேன். பாண்டிச்சேரி டாக்டரம்மா சொன்னதால் வைப்பது. மண்டை எலும்புகள் முன்னாலேயே ஒட்டிப்போனதால்தான் தலை மேலே வளர்ந்தது, உருவத்தை வைத்து அறிவைச் சொல்ல முடியாது, எது எப்போது செய்கிறான் என்று எழுதி வையுங்கள் என்றார்.

உட்கார்ந்தது: பத்தாம் மாதம்.
நடந்தது: ஒன்றே முக்கால் வயது.
முதல் பேச்சு, "தா": இரண்டு வயது முடிந்து.
இப்போது: அறுபது வரை எண்ணுகிறான், பிறகு குழப்பம். உயிரெழுத்து எல்லாம், ஔ தவிர. கந்தனைப் பற்றிய பாட்டு இரண்டு, முழுதாக.
வராதது: சட்டைப் பித்தான். வரிசையில் நிற்பது. எழுத்து கோணினால் சிலேட்டை வீசுகிறான். சாயங்காலம் வலது கண் ஓரமாய் ஒதுங்குகிறது (காட்ட வேண்டும்).

விட்டுப்போனது ஒன்று. ஒரு வயதுக்குள் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. குலதெய்வத்துக்கு நேர்ந்த முதல் முடியை ஆஸ்பத்திரியில் இறக்குவதா என்று மறுத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. மொட்டை போட்டு, முடி வளர்ந்து, ஆபரேஷன் நடந்தபோது இரண்டு வயதை நெருங்கிவிட்டான். முன்னாலேயே செய்திருந்தால் எண்பது வரை எண்ணுவானா? டாக்டரம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. மங்காவுக்கு இது தெரியவே கூடாது.

மத்தியானம் செல்வி முறுக்குக்கு வந்தாள். நூல் வைத்து இரண்டு பேர் கையையும் அளந்தேன், தோளிலிருந்து நடுவிரல் வரை. செல்வி கையைவிடச் சேகர் கை ஒரு விரற்கடை நீளம். இரண்டு தடவை அளந்தேன். கை குட்டை இல்லை. ஏற வேண்டிய தலைதான் உயரம். த.ஆ. வயதை அளக்கவே இல்லை.

புரட்டாசி 12, திங்கள்

சாமி கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டோடு போனேன். பத்து மாதக் குழந்தை என்று தேதி போட்டு எழுதியது. அதிலிருந்து எண்ணினால் ஆறு தாண்டுகிறது. நூலையும் காட்டினேன்.

த.ஆ. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயசு சரிதான்." ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், முட்டாள். "ஆனா இது மண்ட ஆபரேசன் சீட்டாச்சேம்மா. நாப்பது புள்ளைங்கள வச்சிக்கினு இவன யார் பாப்பாங்க? இதுமாதிரி புள்ளைங்களுக்கு மெட்ராஸ்ல ஸ்கூலு இருக்குது."

"வெள்ளிக்கெழம கை எட்லன்னீங்களே சார்?"

"அதுவுந்தான்."

டீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் வந்ததும் பின்னாலேயே வந்து, "வாயால பேசாதீங்க, எழுதிக் குடுங்க" என்றாள். பெயர்கூடத் தெரியாது எனக்கு.

புரட்டாசி 13, செவ்வாய்

மேகமூட்டம். உளுந்து ஊறப் போட்டது மறந்து புளித்துவிட்டது. எழுதிக் கொடுத்தேன், த.ஆ. கையிலேயே. மேசையில் போட்டுவிட்டு, படிக்காமல் மணி அடிக்கப் போனார். நகல்:

ஐயா, என் மகன் சேகரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான்கு முறை மறுத்தீர்கள். வயது போதவில்லை என்றால் அப்படி எழுதவும். அறிவு போதாது என்றால் அதை எப்படிக் கண்டீர்கள் என்று எழுதவும். நீங்கள் அவனை ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அவன் சில காரியங்களில் பின்தங்கி இருப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பது வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். உங்கள் பதிலை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்புவேன். விஜயதசமி வெள்ளிக்கிழமை. அதற்குள் கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் பதில் தரவும்.