வெயிலில் காயப்போட்ட போல்ட்டுகள்

இதை எடுத்துப் படிப்பது யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக மாமாவிடம். அம்மாவிடமும் வேண்டாம். அம்மாவிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

என் உயிரான அப்பாவுக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மச்சான் இருக்கான்லா, எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தானே? நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். உங்கள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்கள் மகளை வேலைக்காரி மாதிரி விரட்டிக்கொண்டு. அம்மாவின் தம்பி என்பதால் மாமா என்று கூப்பிடுகிறேன். கூப்பிடும்போதே வாய் கசக்கிறது.

பின்பக்கம் வைத்து நீங்கள் இரும்புக்குத் துத்தநாகம், அதுதான் உங்கள் சிங்க், பூசப் பயன்படுத்திய வாளி, தகடு, பேட்டரி சார்ஜர் எல்லாம் இப்போது அவருடையது. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. பழைய மோட்டார் சைக்கிளின் துருப்பிடித்த நட்டையும் போல்ட்டையும் ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவி, வாளியில் கம்பியில் தொங்கவிடுவீர்கள். சாம்பல் பூத்து வெளியே வரும், தேய்த்தால் மின்னும். அவருக்கு அது வியாபாரம். செலாயாங்கிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும்கூடப் பொட்டலம் வருகிறது. கிள்ளானிலேயே தன் கைதான் சுத்தம் என்று ஃபோனில் பீற்றிக்கொள்கிறார். "மை மாதிரி கறுப்பா இருக்கா? குடு boss, வெள்ளி ஆக்கித் தரேன்."

ஓவனுக்காக நீங்களும் அம்மாவும் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா?

"தீபாவளிப் பலகாரம் சுடுற ஓவன்ல போல்ட்டையா சுடுவீங்க? பிஸ்கட்ல ஆசிட் வாசம் வரும்லா!"

"கோவிச்சுக்காத. இந்தக் கறுப்பு போல்ட்டு ரொம்பக் கெட்டி இரும்பு. ஆசிட்லயும் வாளியிலயும் கிடக்கும்போது வாயு உள்ள போய் உக்காந்துக்கும். உடனே சூட்டுல போட்டு, மணிக்கணக்கா வச்சாத்தான் வெளிய போகும். இல்லன்னா வெளிய வெள்ளி, உள்ள உன் பிஸ்கட்டு, தானா நொறுங்கும்."

அம்மா கரண்டியை ஓங்கினார். பிறகு சிரித்துவிட்டார். மறுவாரமே போல்ட்டுக்கென்று பழைய ஓவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

மாமா வந்ததும் முதலில் விற்றது அதைத்தான். "தண்ணி காயறதுக்கு ஓவனா? மேல வெயில் சும்மாதானே அடிக்குது. உங்கப்பனுக்கு கரண்டு பில்லு கட்ட ஆசைலா." பூசி முடித்ததையெல்லாம் தகரத்தில் பரப்பி, அப்பளம் மாதிரி வெயிலில் காயவைக்கிறார். கறுப்பு போல்ட்டையும் சேர்த்துத்தான். ஈரம் காயத்தான் ஓவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தப் பெரிய மூளை.

போன வாரம் அதில் ஒன்றை எடுத்து, உங்கள் கனத்த இரும்புத் தகட்டின் துளையில் மாட்டி, நட்டுப் போட்டு இறுக்கி வைத்தேன். மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் தலை தனியாகத் தரையில் கிடந்தது. யாரும் தொடவில்லை. உடைந்த இடம் கற்கண்டை உடைத்த மாதிரி இருந்தது.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீ ஓவரா முறுக்கியிருப்பே. பொம்பளப் புள்ளைக்கு ஸ்பானர் எதுக்கு? ஃபார்ம் ஃபோர் படிக்கும்போதே டீச்சர் ஆயிட்டியா?"

"ஓவன்ல வைக்கணும்னு அப்பா சொன்னாரு மாமா."

"அந்தப் பெரிய இன்ஜினியர் இப்ப எங்கடி?"

அப்படித்தான் கேட்டார், அப்பா. என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, "கஸ்டமர் முன்னால இந்த வாய் தொறந்துச்சு, ஸ்கூலும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "மாமாவ எதிர்த்துப் பேசாத லோகா" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. நீங்கள் இருந்தபோது அம்மா யாருக்குப் பயந்தார்? கரண்டியை ஓங்குவாரே, அந்த அம்மா எங்கே போனார்?

இதுவரை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்று மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது உங்கள் கப்சாய், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள், வாசலில் நின்றது. அம்மா இருட்டோடு கேண்டீன் வேலைக்கு ஓட்டிப்போகும் அதே மோட்டார். மாமா பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வந்து பாரு! முன் பிரேக்கு போல்ட்டு மாத்திட்டேன். நகைக்கடை மாதிரி மின்னுதா?"

"ஆமாண்டா" என்றார் அம்மா. சந்தோஷமாகச் சொன்னார்.

பிரேக்கைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட், வெயிலில் மட்டும் காய்ந்தவை. போர்ட் கிள்ளான் ரோடு. கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே அம்மா.

மாமா கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போனார். அம்மா குளிக்கப் போனார். உங்கள் ஸ்பானரால் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். அவர் குப்பையில் எறிந்திருந்த பழைய கறுப்பு போல்ட்டுகளைத் துடைத்து மாட்டி, என் முழு பலத்தோடு இறுக்கினேன். துருதான், ஆனால் உடையாத துரு. அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. நாளை கஸ்டமருக்குக் கொடுக்க வைத்திருந்த தட்டிலிருந்து கறுப்பு போல்ட்டாக இருந்ததையெல்லாம் பொறுக்கி ஆசிட்டில் கொட்டினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அவர் வெள்ளியெல்லாம் கரைந்து போனது. கண் எரிந்தது. ஆனால் அப்பா, நீங்கள் போன பிறகு அவ்வளவு நன்றாக நான் மூச்சு விட்டதே இல்லை.

இப்போது பின்பக்க விளக்கு எரிகிறது. தட்டை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. ஏதோ கெட்ட வார்த்தை. மாமா வாளியை உதைக்கிறார்.

உடைந்த அந்தத் தலை என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. விடிவதற்கு முன், அம்மா ஹெல்மெட் மாட்டுவதற்கு முன், அதை அவர் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். மாமா மறுபடியும் மாட்டினால் நான் மறுபடியும் கழற்றுவேன். அம்மா அவர் பக்கமே நின்றால் மோட்டார் சாவியைச் சாக்கடையில் போடுவேன், அடி விழட்டும். அம்மாவையும் உங்களிடம் அனுப்பமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

என் கதவைத் தட்டும் சத்தம். அம்மாவாக இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இது கூப்பிடவில்லை.

உங்கள் மகள் லோ—