நானாட முருங்கை இலை ஆணமும் மச்சி தின்னாத சோறும்

என்ட நானாவுக்கு, சட்டி கழுவாமல் அடுப்படியை விட்டு ஓடும் உங்கள் தங்கச்சியின் ஸலாம்.

நீங்கள் மௌத்தாகி இன்றைக்கு மூன்று மாதமும் நாலு நாளும். காகிதத்தில் எழுதினால் எந்தத் தபாலில் போடுவது? அதனால் வழமை போல என் வலைப்பதிவிலேயே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உங்களைப் பற்றி நான் இங்கே எழுதாத மாதம் இருந்ததா?

முதலில் ஊர்ச் செய்தி. கடல் திரும்பவும் தடை. போன கிழமை மூன்று நாள் போக விட்டார்கள். பிறகு நேவி கேம்பில் இருந்து ஆள் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கள் தோணியைக் கவிழ்த்து ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறோம். கற்பிட்டியில் இருந்து புத்தளம் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பார்க்கிறார்கள். நான் இன்னும் அதே கொமினிகேஷன் கடையில்தான். நாள் முழுக்க அடையாள அட்டை போட்டோக் கொப்பி, ஆள் இல்லாத நேரத்தில் இன்டர்நெட். தமிழில் தட்டெழுத நானே பழகினேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தீர்களே, இப்போது இன்னும் வேகம்!

இனி வீட்டுச் செய்தி. மச்சி, உங்கள் பொஞ்சாதி, சாப்பிடுகிறா இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வயிற்றில் பிள்ளை இருப்பதால் மச்சிக்கு இத்தா, அந்தத் துக்கக் காலம், நாலு மாதம் பத்து நாள் இல்லை. பிள்ளை பிறக்கும் வரைக்கும். அதுவரை வெளியே போகாமல், வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவ அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டா. உங்கள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாய். கொண்டு போய் வைக்கும் சோற்றுக் கோப்பை அப்படியே திரும்பி வரும். ரெண்டு கிழமைக்கு முன் மிட்வைப் மிஸ் தராசோடு வீட்டுக்கே வந்தா.

“என்ன புள்ள, போன மாசமும் இதே நிறை, இந்த மாசமும் இதே நிறை? தின்றியா இல்லையா?”

“தின்றன் மிஸ்.”

“பொய் மிஸ்!” உம்மா வாசலில் நின்று கத்தினா. “ரெண்டு வாய். எங்கட பூன கூட அத விடக் கூடத் தின்னும்.”

மிஸ் சிரிக்கவில்லை. “எட்டாம் மாசம். ரெண்டு கிழமை பார்ப்பன். நிறை ஏறல்லண்டா புத்தளம் ஆஸ்பத்திரியில நிப்பாட்டத்தான் வேணும். பிள்ளை சின்னனா இரிக்கி.”

மிஸ் போன பிறகு உம்மா அடுப்படியில் இருந்து அழுதா. நீங்கள் காய்ச்சலோடு போன அதே ஆஸ்பத்திரி. கடல் தடையில் கூலிக்கு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போய்ப் பிடித்த காய்ச்சல். போனீர்கள், திரும்பி வந்தது ஜனாஸா. மச்சி அந்த வார்ட்டுக்குள் போனால் இருக்கிற ரெண்டு வாயும் நின்றுவிடும் என்று உம்மாவுக்குப் பயம். எனக்கும்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்கள் முருங்கை இலை ஆணம்!

(இதை வாசிக்கும் வெளியூர் ஆட்களுக்கு: நீங்கள் குழம்பு என்பதைத்தான் நாங்கள் ஆணம் என்போம்.)

கடல் தடை வந்தால் வீட்டில் மீன் இருக்காது. நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவீர்கள். “இண்டைக்கு அடுப்படி என்ட. பொம்புளைகள் எல்லாம் வெளிய போங்க.” கோழிக்கூட்டுக்குப் பக்கத்து முருங்கையில் ஒரு கொப்பு முறித்து, இலை உருவ என்னை இருத்துவீர்கள். பருப்பை மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு வேகவைத்து, மிளகும் சீரகமும் வெள்ளைப்பூடும் இடித்துக் கொட்டி, காய்ந்த கூனி இறால் ஒரு கை, இரண்டாம் பால், அதற்குப் பிறகு இலை, கடைசியில் முதல் பால். இறக்கி வைத்துவிட்டு மச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். மச்சி இரண்டு தரம் போட்டுத் தின்பா. நான் மூன்று தரம்.

அதைப் போன வருஷம் ‘கடல் தடை ஆணம்’ என்று இங்கே பதிவு போட்டேன், ஞாபகமா? கனடாவில் இருந்து ஒரு அக்கா பின்னூட்டம் போட்டா: “உப்பு எப்பப் போடணும் எண்டு எழுத மறந்திட்டீங்கள் தங்கச்சி.” நான் விட்டேனா? எங்கள் நானா உப்பே போடுவதில்லை, நல்ல கைக்கு உப்புத் தேவையில்லை, ஆக்கிப் பார்த்துவிட்டுக் கதையுங்கள் என்று சண்டைக்குப் போனேன். அந்தச் சண்டையை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கதிரையில் சாய்ந்து கிடந்து சிரித்தீர்கள். “எழுது, எழுது! என்ட கையிலேயே கடல் இரிக்கி எண்டு எழுது!”

அதையும் எழுதினேன், நானா. பைத்தியம் மாதிரி.

மிஸ் வந்துபோன மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, என் பதிவை நானே கடதாசியில் பார்த்து எழுதிக்கொண்டு அடுப்பில் நின்றேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆக்குவது என்று, குடிப்பதற்காகப் பள்ளிவாசல் கிணற்றில் அள்ளி வந்த நல்ல தண்ணீரை ஊற்றினேன். எல்லாம் சரி, நிறம் கூடச் சரி. உம்மா அகப்பையில் எடுத்து நக்கிவிட்டு என்னைப் பார்த்தா.

“இது என்ன புள்ள, இலை கழுவின தண்ணியா?”

“நானாட மாதிரியே ஆக்கின உம்மா! ஒண்டும் விடல்ல!”

“உப்பு?”

“நானா உப்புப் போட மாட்டாரே!”

“அட மோடச்சி! அவன் எந்தத் தண்ணியில ஆக்கினான்? எங்கட வளவுக் கிணத்துத் தண்ணியில. அத வாயில வச்சிப் பார்த்தீக்கியா? உவர் தண்ணி. அதுக்கு மேல கூனி. இன்னும் உப்பு என்னத்துக்கு?”

ஐயோ நானா. ஒரு வருஷமாக உலகத்தோடு நான் போட்ட சண்டை! அன்று பின்னேரமே கடைக்கு ஓடிப் போய், கனடா அக்காவுக்கு மாப்புக் கேட்டுப் பின்னூட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் ஆக்கினேன். இந்த முறை அதே ஆணம். மூடியைத் திறந்தபோது நீங்கள் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. சோற்றில் ஊற்றிக்கொண்டு அறைக்கு ஓடினேன். மச்சி ஒரு வாய் எடுத்தா. சோதனை ரிசல்ட் பார்க்கிற மாதிரி நான் முன்னால் குந்திக்கொண்டிருந்தேன்.

“எப்படி மச்சி? நானாட மாதிரி இரிக்கா?”

“அவர்ட ஆணமேதான்.”

“அப்ப தின்னுங்களேன்!”

மச்சி கோப்பையைத் தள்ளி வைத்தா. “நுஸ்ரா, கோவிக்காத. ஒங்கட நானாட ஆணம் சரியான உப்பு. வாயில வைக்க ஏலாது. அந்தக் கூனி நாத்தம் வேற.”

“ரெண்டு தரம் போட்டுத் திண்டீங்களே!”

“பின்ன? கடலுக்குப் போக வழியில்லாத மனுஷன் ஒரு சட்டிய ஆக்கி வச்சிட்டு என்ட மூஞ்சயப் பார்த்துட்டே நிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ற? நல்லா இரிக்கி எண்டு சொன்னன். ரெண்டாம் தரமும் அவரே போட்டாரு. அடுத்த தடைக்கு இன்னும் பெரிய சட்டி!”

சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டா. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களைக் குறை சொன்னால் எனக்கு எப்போதும் வருகிற கோபம். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. மச்சி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டா.

“மூணு மாசமா இதேதான்,” என்று பிறகு சொன்னா. “ஆர் வந்தாலும் அவருக்குப் பிடிச்சதத்தான் கொண்டு வாற. வட்டிலாப்பம், அவருக்குப் பிடிச்சது. மாட்டிறைச்சி, அவருக்குப் பிடிச்சது. நாப்பதாம் நாள் கத்தத்துக்கும் அதையேதான் ஆக்கின. நானும் ஒவ்வொண்டா பார்த்துட்டு இரிக்கன். எப்படித் தொண்டையால எறங்கும்?”

நமது ஊர் வழமை அதுதானே நானா. மௌத்தானவருக்குப் பிடித்ததை ஆக்கி நாலு பேருக்குக் கொடுப்பது. அன்பில்தான் செய்கிறார்கள். நானும் அன்பில்தான் செய்தேன். அதில் ஒரு வாய் கூட மச்சிக்காக ஆக்கியது இல்லை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

“அப்ப ஒங்களுக்கு என்ன வேணும் மச்சி?”

கனநேரம் யோசித்தா. கேட்டுப் பழக்கம் இல்லாத கேள்வி போல.

“முருங்கை இலையேதான். எங்கட உம்மாட தில்லையடி வீட்டுல ஆக்குற மாதிரி. கூனி வேணாம், பருப்பும் வேணாம். சின்ன வெங்காயம் நிறைய. மிளகு ஒறைக்கோணும். எறக்கி வச்சிட்டுத் தேசிக்காய் புழியோணும், நல்லாப் புளிக்கிற அளவுக்கு.”

“உப்பு?”

“உப்பு நான் போடுறன். நீ கை வைக்காத.”

அப்படியே எழும்பி அடுப்படிக்கு வந்தா நானா! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு. தேங்காய் திருவ உட்கார்ந்தவ, நான் இலை போட்டதும் அங்கிருந்தே சத்தம். “மூடாத, மூடாத! மூடினாக் கைக்கும். நெருப்பக் கொற. இன்டர்நெட்டுல இதெல்லாம் சொல்லித் தாறல்லையா?” சரியான அதிகாரம். உம்மா ஒன்றும் தேடாமலே மூன்று தரம் அடுப்படிக்குள் வந்து போனா.

மச்சி ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு தின்றா. அரைவாசி இன்னும் கேட்டா. உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுக் கொடுத்தா.

உங்கள் ஆணத்தைக் கொட்டவில்லை, பயப்பட வேண்டாம். அந்தச் சட்டி முழுவதையும் நான்தான் பாணோடு தின்றேன். எனக்கு அது உப்பாகவே இல்லை. உண்மையைச் சொல்லுங்கள் நானா, சட்டியை அடுப்பால் இறக்க முன் ஒரு தரமாவது நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? மச்சி பொய் சொல்கிறா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இரண்டாம் தரமும் போட்டீர்களா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் மச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறோம். ஒரு நாள் பாலாப்பம். ஒரு நாள் வெறும் பாணும் சீனிச் சம்பலும். நாலு நாள் முருங்கை இலை. மச்சியின் ஆணத்தையும் இங்கே பதிவு போடலாமா என்று கேட்டேன். “பேரப் போடாத புள்ள, இத்தாவில இரிக்கன்” என்றா. அதனால் ‘ஒரு மச்சியின் ஆணம்’ என்று போடப் போகிறேன்.

நேற்று மிட்வைப் மிஸ் வந்தா. தராசைப் பார்த்துவிட்டு, மச்சியை இறங்கி மறுபடி ஏறச் சொன்னா. ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. “ஆஸ்பத்திரியில நிப்பாட்டத் தேவல்ல. வலி வந்த பொறகு வந்தாக் காணும்” என்று எழுதிக் கொடுத்தா. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் குழல் வைத்துக் கேட்டு, “இவர் நல்லாத் துள்ளுறார்” என்றா. அவரோ அவளோ, யாருக்குத் தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன் நானா. அந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கும், சோறு கேட்கும். அப்போது ஊரே கிண்ணத்தோடு வரும்: இது ஒன்ட வாப்பாக்குப் பிடிச்சது, வாயத் திற. நான் முன்னால் போய் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைப்பேன். உனக்கு என்ன வேணும் என்று கேட்பேன். அது தலையை ஆட்டி வேண்டாம் என்றால், உங்கள் ஆணமாகவே இருந்தாலும், ஒரு வாய் கூட ஊட்ட மாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
இன்னும் கொஞ்ச நாளில் ஒரு பிள்ளைக்கு மாமி,
நுஸ்ரா