பட்டன் இல்லாத சட்டை

குட்டியின் அம்மாவுக்கு,

இருவரும் சௌக்கியமா? உன் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ரயில் யார்டில் ஒரு கூத்து. நான் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கிளம்பிய கூட்டாளி, “வர்றேன் மாப்ளே!” என்று கையாட்டினான். பழக்கதோஷம், நானும் இடது கையை ஆட்டித் தொலைத்தேன். ‘பின்னால் வா’ என்ற சைகையாக்கும் என்று டிரைவர் இன்ஜினை நகர்த்திவிட்டார். வலது கை கொக்கியில் இருந்தது. விரலில் கொஞ்சம் அடி, அவ்வளவுதான். அவர்தான் பாவம், தினமும் வந்து, “நீ கூப்பிடறேன்னு நெனச்சேன்டா தம்பி” என்று அழுகிறார்.

உன் அண்ணன் வரும்போது பட்டன் இல்லாத சட்டை இரண்டு கொடுத்தனுப்பு. எழுத்து கோணலென்று திட்டாதே. இல்லை, திட்டு. நீ திட்டுவதைக் கேட்காமல் படுத்தாலும் எழுந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை.

கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டார். போனில் அப்பா இனி இடது கையால்தான் டாட்டா காட்டுவார் என்று குட்டியிடம் இப்போதே சொல்லிவை.