நீ கையசைத்த காலை

அன்புள்ள அனுசியா,

ஒரு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே மருத்துவக் கல்லூரியில் முதல் வாரமே உடற்கூறு வகுப்பில் மயங்கி விழுந்தேன். மேசையில் ஒரு வயதான பெண்ணின் உடல் கிடந்தது. "பயப்படாம கையைத் தொட்டுப் பாரும்மா" என்றார் பேராசிரியர். தொட்டேன், அவ்வளவுதான். பள்ளியில் நீ ஆட்டு இதயத்தை அறுத்துக் காட்டியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தானே நான்! இப்போது பழகிவிட்டது. பாடம்தான் பழகவில்லை. எல்லாம் ஆங்கிலம், வாரா வாரம் தேர்வு. ஒரு பக்கத்தை நான்கு முறை படிக்கிறேன்.

நீட் தேர்வில் என்னைவிட உனக்கு ஏழு மதிப்பெண்தான் குறைவு; அதில்தான் உனக்கு இடம் கிடைக்காமல் போனது. நான் குருட்டாம்போக்கில் குறித்த இரண்டு விடைகள் சரியாகி, எட்டு மதிப்பெண் தந்தன. இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஊருக்கு வந்தபோது உன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். "இனிமே பரீட்சை எழுத மாட்டாளாம் ஆத்தா. ஏலத்தோட்டச் சோலியே போதும்கிறா" என்றார். மறுநாள் காலை, போடிமெட்டுக்கு மலையேறும் ஜீப்பில் தோட்டத்து ஆட்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் கையசைத்தாய். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தப்பு என்னுடையது.

இந்த வருட நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் என்னை ஆசைதீரத் திட்டு. பிறகு ஆதார் அட்டையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சென்டருக்கு என்னோடு வா.

இப்படிக்கு,
உன் தோழி என்று எழுதத் தயங்குகிறவள்