வாய்ப்பூட்டும் மல்லாட்டை மூட்டையும்

அடி அண்ணாமலை,
முழுநிலாவுக்கு மறுநாள், காலை.

வின்னிபெக் நகரின் பனிக்குவியல்களுக்கு நடுவே பள்ளிகொண்டிருக்கும் என் மகள் மதிவதனி அவர்களே, அவளுக்குக் கஞ்சியும் காவலுமாக நிற்கும் மாப்பிள்ளை சரவணகுமார் அவர்களே, முகம் காட்டாமலே முதல் வரிசையில் இடம்பிடித்துவிட்ட என் பெயரனே அல்லது பெயர்த்தியே, உங்கள் அனைவர்க்கும் அப்பாதுரையின் வணக்கம். இங்கே நானும் உன் அம்மா கஸ்தூரியும் வேளைக்கு உண்டு வேளைக்கு உறங்கி நலமாக இருக்கிறோம். நீங்கள் மூவரும் நலம் என்னும் செய்தியைப் பிறர் சொல்லிக் கேளாமல் உன் வாய்மொழியாகவே கேட்கும் நாளில்தான் எங்கள் நலம் முழுமை பெறும். ஆம் மகளே, வணக்கத்தோடு வணக்கமாக வழக்கையும் தொடுத்துவிட்டேன். தொண்டையில் அறுவை முடிந்து வேலூரிலிருந்து நான் வீடு திரும்பிய நாள்முதல் நீ என்னை அழைக்கவில்லை. அம்மாவை அழைக்கிறாய். நல்லாத்தான் இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, வச்சிடறேம்மா என்று முடித்துக்கொள்கிறாய். அப்பாகிட்ட குடுக்கட்டுமாடி என்று அவள் கேட்டால், வேணாம்மா, அவரால பேச முடியாதில்ல, எதுக்குத் தொந்தரவு என்கிறாயாம். ஏழாம் திங்களில் குருதி கசிந்ததென்று மருத்துவர் உன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறார். அம்மாவின் நுழைவிசைவோ, ஊர் மொழியில் விசா, இன்னும் வந்தபாடில்லை. இந்த நிலையில் பெற்றவனிடம் ஒரு சொல் பேசாமல் இருப்பது எந்த ஊர் முறை? பூட்டு விழுந்தது என் வாய்க்கு. செவிக்கு எவரும் பூட்டுப் போடவில்லை.

நீ ஏன் அழைக்கவில்லை என்பதை உன் கணவர் நேற்று முன்தினம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அத்த, அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, மாமா மூஞ்சியப் பார்த்தா அழுதுடுவாளாம், இவ அழுதா அவரு பதறிப்போய் அழாதடின்னு வாயத் தொறந்துடுவாராம், அப்புறம் குரலு போயிடுச்சுன்னா அப்பா அப்பாவாவே இருக்க மாட்டாருன்னு பயப்படறா, ராவெல்லாம் தூங்காம செவுத்தப் பார்த்துக்கினே படுத்திருக்கா என்றாராம். சொல்லாதே என்றார்; எழுதாதே என்று அவர் சொல்லவில்லை, ஆகவே எழுதிவிட்டேன், மாப்பிள்ளை பொறுத்தருள்க. மகளே, என் குரலைக் காப்பதற்காக நீ உன் அழுகையை அடக்குகிறாய். அன்பு மிகுந்த செயல்தான். ஆனால் அது தவறான கணிப்பின்மேல் எழுந்த செயல். அப்பாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்பது உன் கணிப்பு. ஊரின் கணிப்பும் அதுவே. சென்ற திங்கள்வரை என் கணிப்பும் அதுவே. அதை உடைப்பதற்கே இம்மடல்.

வேலூர் மருத்துவர் என்னை அனுப்பிவைக்கும்போது சொன்னதைக் கேள். ஐயா, உங்களப் பத்தி விசாரிச்சுட்டேன், நீங்க தெருவுல எறங்கினா யாராச்சும் வணக்கம்பாங்க, பதிலுக்கு நீங்க ஒரு கூட்டமே நடத்திடுவீங்க, புண்ணு ஆறுற வரைக்கும் வூட்டோட கெடங்க, கிசுகிசுன்னு கூடப் பேசக்கூடாது என்றார் அந்த அம்மையார். ஆகவே நானும் உன்னைப்போல் வீட்டுச் சிறையில்தான் இருக்கிறேன். பொழுது போகவில்லை என்று நீ மாப்பிள்ளையிடம் நொந்துகொண்டாயாம்; சிறையில் மூத்தவன் நான், பொழுதைப் போக்கும் வழிகளை இளையவளுக்குச் சொல்வது என் கடன். முதற்கண் தொலைக்காட்சி. மாலையில் நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தும் கருத்துப்போர் வருகிறதல்லவா, அதை நான் ஒலியை முற்றிலும் அடைத்துவிட்டுப் பார்க்கிறேன். எனக்கில்லாத பேச்சு அவர்களுக்கு மட்டும் எதற்கு? கையசைவையும் புருவத்தையும் கொண்டே யார் பொய் சொல்கிறார், யார் ஒப்புக்குப் பேசுகிறார், யாருக்குப் பசிக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிடுகிறேன். நீயும் செய்து பார், மொழி தெரியாத கனடாக்காரர்கள் என்றால் இன்னும் சுவை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமன் ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பியிருக்கிறான், செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டுவதற்கு. மல்லாட்டை என்னும் சொல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று எனக்குத் தெரியும். வேர்க்கடலை என்று திருத்தி எழுதத்தான் கை துடிக்கிறது. ஆயினும் நம் மண்ணில் அது பிடித்துக்கொண்ட வேரைப் பிடுங்க எனக்கே மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அதை உடைத்துப் பருப்பெடுப்பது இப்போது என் முழுநேரப் பணி. கட்டைவிரல் நுனி புண்ணாகும்வரை உடைக்கிறேன். ஓடு வெடிக்கும் ஒலியில் ஓர் எதிர்ப்புணர்வு இருக்கிறது, கைதட்டலுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்த ஒலி அதுதான். உன் அம்மாவின் பொழுதுபோக்கோ வேறு. என் பழைய மேடைப் பேச்சுகளைக் கைப்பேசியில் ஓடவிட்டுக்கொண்டே அவள் சமைக்கிறாள். என்மீது எவ்வளவு பற்று என்று நெகிழ்ந்து அடுப்படி ஓரம் போய் நின்றேன். நான் முழங்குகிறேன், அவள் நடுவில் நிறுத்துகிறாள், அது எப்படிங்க, நீங்க சொல்றது தப்பு என்று கரண்டியை நீட்டி மறுக்கிறாள், பிறகு மறுபடி ஓடவிடுகிறாள். திருமணமான நாள்முதல் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த மறுப்புகளை எல்லாம் சொல்லித் தீர்க்கிறாள். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, நெஜ ஆளுகிட்ட இந்தப் பட்டன் இல்லாம போச்சே என்றாள். நான் என்ன செய்வது? ஒரு பிடி பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சாந்த் பாஷா பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மாலைதோறும் வருகிறார். கேரம் என்று ஊர் அழைக்கும் சுண்டாட்டம் ஆடுகிறோம். நான் குரல் எழுப்ப முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு அவர் செய்யும் கள்ளத்தனம் கொஞ்சநஞ்சமன்று. முழங்கையால் காயை நகர்த்திவிட்டு, இன்னா அப்பாதுரை, ஆட்சேபணை இருந்தா சொல்லு, வாயத் தொறந்து சொல்லு என்று கண்ணைச் சிமிட்டுகிறார். அவர் மனைவி குர்ஷித் பேகம் அவருக்கும் மேல். அண்ணே, உங்க சத்தம் கம்மியானதுல இருந்து எங்க வூட்டு மிக்ஸி சத்தம் ஜாஸ்தியாத் தெரியுது, இத்தினி நாளா அது நல்ல மிக்ஸின்னு நெனச்சிக்கினு இருந்தேன் என்கிறார். எனக்கு ஆட்டுக்கால் பாயாவும் கொண்டுவந்து கொடுக்கிறார், தொண்டைக்கு நல்லதாம். நேற்று உன்னைப் பற்றியும் கேட்டார். பேட்டி எப்படி இருக்கா என்றார், மகளுக்கு அவர் மொழியில் பேட்டி. நல்லாயிருக்கா என்று உன் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன், படுத்தபடியே கேள், வயிறு குலுங்கச் சிரிக்காதே, மருத்துவர் ஒப்பமாட்டார். முழுநிலா நாள். நம் வீடு மலைவலப் பாதையில் இருப்பதால் வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், வெயில் தாழ்ந்ததும் மக்கள் வெள்ளம் நம் வாயிலை உரசிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கூட்டத்தைக் கண்டு பல நாளாயிற்றே என்று வாயிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் கோலத்தை எண்ணிப்பார். முடிதிருத்தகம் போனால் பேசாமல் திரும்ப முடியாது என்று மழிக்காமல் விட்ட தாடி முகத்தையே மூடிவிட்டது. வெள்ளை வேட்டி. தொண்டைக்குக் காற்றுப் படக்கூடாதென்று உன் அம்மா சுற்றிவிட்ட துண்டு, தெருக்கடையில் வாங்கியது, காவி. மடியில் எழுதுபலகை, கையில் அவளை அழைக்கும் மணி. வேறென்ன வேண்டும்? ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது, தங்களுக்குள் முணுமுணுத்தது, அடுத்த நொடி ஐந்து பேரும் என் காலில். நான் எழுந்து கையை ஆட்டினேன். வாழ்த்துகிறார் என்று மறுபடி விழுந்தார்கள். பலகையை எடுத்துப் பெரிதாக எழுதிக் காட்டினேன்: நான் துறவி அல்லேன், இவ்வீட்டுக்கு உரியவன், நகர்ந்து செல்க. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் கண்டு கூட்டம் சேர்ந்தது. நம்மூர்க்காரன் ஒருவன் படித்துவிட்டான், அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அவனோ பின்னால் திரும்பி, சாமி இல்லன்னு அவரே எழுதியிருக்காருப்பா, அதாண்டா நெஜ சாமி, பொய்ச் சாமிங்க ஒத்துக்குமா என்றான். உதவிக்கு மணியை அடித்தேன். மணியோசை கேட்டதும் எதிர்ப்பக்கம் போனவர்களும் திரும்பி வந்தார்கள். உன் அம்மா கதவோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். குர்ஷித் பேகம் வந்து, லைன்ல வாங்க, சாமிக்குத் தொண்டப் புண்ணு, மேல கை வைக்காதீங்க என்று ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். நான் மேடைதோறும் சாமியையும் சாமியாரையும் எதிர்த்து முழங்குகிறவன் என்பதை அறிந்த சாந்த் பாஷா தன் பங்குக்கு ஒரு வாழைச்சீப்பை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். மகளே, அத்தனை பேர் முன்னிலையில் என் கொள்கைக்கே இழுக்கு நேர்ந்தபோதும், என் நாவின் நுனியில் ஓர் உரை முழுவதும் திரண்டு நின்றபோதும், நான் வாய் திறக்கவில்லை. ஊரே சான்று.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள், உன் அகவைதான் இருக்கும். காலில் விழவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, ஒண்ணும் கேக்க வரலங்க, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் என்றாள். அவள் தந்தை கைகால் விழுந்து படுக்கையில் இருக்கிறாராம், தூக்குவதும் துடைப்பதும் அவள்தானாம். எனக்குச் சலிப்பா இருக்குதுங்க, அத யார்கிட்ட சொல்றது, சொன்னா பெத்த அப்பனுக்குச் செய்யறதுல இன்னாடி சலிப்புன்றாங்க, அதனால சிரிச்ச மூஞ்சியாவே இருக்கேன், மூஞ்சி வலிக்குதுங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள், பிறகு அழுதாள். என் தொண்டையில் தையல் இல்லாமல் இருந்திருந்தால் கடமையைப் பற்றி ஓர் உரையும், துணிவைப் பற்றி இன்னோர் உரையும் அவளுக்குக் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. நான் தலையை மட்டும் அசைத்தேன். அழுது முடித்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது சொன்னாள்: நீங்க சாமி இல்லன்னு தெரியுங்க, பலகையில படிச்சிட்டுத்தான் உக்காந்தேன், தேங்க்ஸ்ங்க.

மதிவதனி, அந்தச் சொல்லைக் கேட்ட நொடிமுதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரோ பெற்ற மகள் என் வாயிலில் அமர்ந்து அழுது முகம் துடைத்துக்கொண்டு போகிறாள். நான் பெற்ற மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். உன் அச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். குருதி மறுபடி கசியுமோ, பிள்ளை தங்குமோ என்பதுதானே? அதை அம்மாவிடம் சொன்னால் அவள் உடைவாள் என்று சொல்லவில்லை, கணவனிடம் சொன்னால் அவர் வேலைக்குப் போகமாட்டார் என்று சொல்லவில்லை, என்னிடம் சொன்னால் என் குரல் போகும் என்று சொல்லவில்லை. போகட்டுமே! குரல் போனால் பேச்சாளன்தான் போவான். அப்பன் எங்கே போவான்? ஆயினும் போகாது. நீ அழைத்தால் ஒரு வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிறேன், உனக்குக் காட்டிவிட்டே அடக்குகிறேன். உன் அம்மாவைக் குர்ஷித் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நீ அழலாம், ஏசலாம், ஒன்றும் சொல்லாமல் மூக்கை உறிஞ்சலாம், சொன்னதையே நூறுமுறை சொல்லலாம். துணிவாக இரு என்று எழுதிக்காட்டக்கூட மாட்டேன். உனக்கு உறக்கம் வராத இரவெல்லாம் எனக்குப் பட்டப்பகல், வேறு வேலையும் இல்லை.

இடப்பக்கமாகப் படு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே. பேறுகாலக் கதைகளைக் கைப்பேசியில் தேடித் தேடிப் படிப்பதை இன்றோடு விடு. உள்ளிருக்கும் பிள்ளை திங்கள் நிறைந்து, குறைவற்று, உன் குரலில் பாதியும் என் குரலில் பாதியும் சேர்த்து அலறிக்கொண்டு மண்ணுக்கு வரட்டும். நீ நீடு வாழ்க, உன் இல்லம் ஓங்குக. இதை உன் அம்மா படம்பிடித்துப் புலனத்தில், உங்கள் வாட்சப்பில், இப்போதே அனுப்புகிறாள். படித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதே, முகம் கழுவிக்கொண்டு வராதே, குரலைச் சரிசெய்துகொள்ளாதே. இருக்கிற முகத்தோடு, இருக்கிற குரலோடு, இந்த நொடியே என்னை அழை.

உன் அப்பன்,
அப்பாதுரை