துக்க வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை

மதினி,

இன்று காலை என் தோசை கருகிவிட்டது. எஸ்டேட் லயத்து வரிசை வீடு முழுக்க அந்த வாசனை. பின் வரிசையிலிருந்து யாரோ, "ஏ ரோஸ்லி, அடுப்பைப் பாருட்டி!" என்று கத்தினார்கள். நான் எங்கே அடுப்பைப் பார்த்தேன்? உன்னையல்லவா நினைத்துக்கொண்டு நின்றேன். உன் கையால் கருகாத தோசை நான் சாப்பிட்டதே கிடையாது. கல்லில் மாவை ஊற்றிவிட்டு, கரண்டி முனையால் குறுக்கே கோடு கிழித்து, "இது பாதி. இதுல பாதி எவ்வளவு, சொல்லுங்க பாப்போம்" என்று பிள்ளைகளிடம் கேட்பாய். அவர்கள் அடித்துப் பிடித்துப் பதில் சொல்வதற்குள் தோசை கரியாகியிருக்கும். "சரி, கால் தோசை கருகிருச்சு. இப்ப மிச்சம் எவ்வளவு?" என்று அதையும் கணக்காக்கிவிடுவாய். கொஞ்சமும் கூச்சம் கிடையாது உனக்கு.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. எனக்குக் கோபம். போன மழையில் வயிற்றுவலி என்று படுத்தவள், தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவள், திரும்பி வந்தது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு எனக்கு வேலை இருக்கிறது.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நீ தேயிலைக் கொழுந்து கிள்ளிய வரிசைக்கு அடுத்த வரிசை என்னுடையது. நான் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள், நீ மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள், ஆனாலும் இந்த லயத்து முறைப்படி நீ எனக்கு மதினி, உன் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன். மூத்தவளை 'நீ' என்று கூப்பிடுகிறேனே என்று என் வீட்டில் எத்தனையோ தடவை திட்டு. நீதான் வாசலில் நின்று, "அவ என்னைய நீங்கன்னு கூப்பிட்டா வேத்தாள் மாதிரி இருக்கு, விடுங்க" என்று அவர்கள் வாயை அடைத்தாய். அதனால் இப்போதும் நீதான்.

பத்தாவதில் கணக்கில் தோற்று, மலையேறி வந்து கூடை தூக்கியவள் நீ. அதை யாரிடமும் மறைத்ததில்லை. "கணக்கு என்னைய ஜெயிச்சிருச்சு ரோஸ்லி. என் வயித்துல பொறந்ததையும் ஜெயிக்க விட்டுருவனா?" என்று சொல்லிக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டையே ஆரம்பித்தாய். முதலில் உன் செல்வியும் என் ஜெனியும் மட்டும். பிறகு லயத்தில் இருக்கிற வாண்டுகள் எல்லாம் உன் வாசலில். பூப்பாறைக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துப் பலகையில் தமிழில் என்ன, மலையாளத்தில் என்ன என்று முதலில் வாசித்தவருக்கு ஒரு பேரிக்காய். மூடுபனி விலகும்போது எந்த மரம் முதலில் தெரியும் என்று பந்தயம். ராத்திரி ஆனை வந்துபோன தடத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, "இந்தக் காலுக்குள்ள உன்னைய மாதிரி எத்தனை பேரு உக்காரலாம்?" என்று கேட்டாயே, அன்று என் வீட்டுக்காரர், "இவளுகளுக்கு ஆனைப் பயமும் போச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உன்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாய். ஆறும் ஏழும் பதினாலு என்பாய். பிள்ளைகள் துள்ளிக் குதித்து, "இல்ல, இல்ல!" என்று கத்துவார்கள். "அப்படியா? எனக்குத் தெரியாதே, சொல்லித் தாங்களேன்" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வாய். எனக்கு அது வரவே வராது. பிள்ளை தப்பாகச் சொன்னால் எனக்குக் கைதான் முந்தும். என் கையைப் பிடித்து இழுத்து, "நீ தெரியாதுன்னு சொல்லிப் பழகுட்டி. புள்ள தானா வாயத் திறக்கும்" என்பாய்.

தராசு கதை ஞாபகம் இருக்கிறதா? கொய்யாமரத்தில் கொக்கித் தராசைக் கட்டி, பூசணிக்காய், செருப்பு, ஓடப்பார்க்கிற பூனை என்று எல்லாவற்றையும் நிறுக்கிற விளையாட்டு. ஒருத்தி சூப்பர்வைசர், மற்றவர்கள் கொழுந்துக்காரிகள். தேயிலைக் காட்டில் நம் கொழுந்தை நிறுக்கும்போது பைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள் இல்லையா, அதையும் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். "பைக்கு ரெண்டு கிலோ கழி!" என்று செல்வி அதட்டுகிற அதட்டலில் நிஜ சூப்பர்வைசரே தோற்றுப்போவார். நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்ததற்குப் பலன் பரீட்சையில் வந்தது. இரண்டு கூடைத் தக்காளி, மொத்தம் எத்தனை கிலோ என்று ஒரு கேள்வி. ஜெனியும் செல்வியும் ஒழுங்காகக் கூட்டிவிட்டு, கடைசியில் கூடைக்கு இரண்டு கிலோ கழித்து வைத்திருக்கிறார்கள். டீச்சர் நம் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு பேரும் ஒரே தப்பு பண்ணியிருக்காங்க. யாரு யாரைப் பாத்து எழுதினதுன்னு கேட்டா ரெண்டும் வாயே திறக்கல" என்றார்.

நீ விடைத்தாளைப் பார்த்தாய். பார்த்த மாத்திரத்தில் வகுப்பறை அதிரச் சிரித்தாய்.

"டீச்சர், இவ அவளைப் பாக்கல, அவ இவளைப் பாக்கல. ரெண்டும் எங்களைப் பாத்து எழுதிருச்சு!"

நீ விளக்கிச் சொன்னதும் டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷிதான். ஆனாலும், "இந்த விளையாட்டையெல்லாம் நிறுத்திட்டு டியூஷனுக்கு அனுப்புங்கம்மா, நல்லா வருவாங்க" என்று சொன்னார். நீ சிரிப்பை நிறுத்தினாய். "அத மட்டும் சொல்லாதீங்க டீச்சர். தப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்லா, இனி அதையும் விளையாடிருவோம்" என்றாய். அடுத்த ஞாயிறு புதுச் சட்டம் வந்தது: நிறுக்கும் முன்னால், கூடை எடையும் சேர்த்தா இல்லையா என்று கேட்காதவர் ஆட்டத்தில் இல்லை. பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்தக் கேள்வியையும் முழுதாக வாசிக்காமல் தொடவே இல்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. நீ போன பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கீழே போன பிறகும் அண்ணனுடைய அக்கா மட்டும் இங்கேயே தங்கினார். சங்கரன்கோவில்கார அக்கா, உன் நாத்தனார்தான். கெட்டவர் இல்லை மதினி, சும்மா சொல்லக்கூடாது. சமைத்துப் போட்டார், செல்விக்குத் தலை பின்னிவிட்டார், பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் மறைத்து அழுதார். ஆனால் ஒரே பிடிவாதம். வருஷம் திரும்புகிற வரைக்கும் இந்த வாசலில் ஆட்டம், சிரிப்பு எதுவும் கூடாது. செல்வி வெளியே விளையாடப் போகவும் கூடாது. நான் பிள்ளைகளை என் வாசலுக்கு மாற்றிக்கொண்டேன். செல்வி உங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அப்புறம் பேச்சும் நின்றது. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. அதட்டி அதட்டி வேலை வாங்கிய அந்தக் குரல் எங்கே போனது?

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அக்கா சொன்னார். "பரீட்சை முடிஞ்சதும் புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இங்க இருந்தா தாய் நெனப்புலயே கெட்டுப்போகும். தம்பியும் சரின்னுட்டான்."

அண்ணன் சரி என்றாராம்! அவர் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை அந்த மாதங்களில்? சாப்பிடுகிறாயா என்றாலும் சரி, சாப்பாடு வேண்டாமா என்றாலும் சரி.

அன்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். "அடுத்த வீட்டு விசயம் ரோஸ்லி, நீ தலையிடாத." எனக்கு வந்ததே கோபம்! "அடுத்த வீடா? நடுவுல ஒரு செவுரு இருக்கு, அம்புட்டுதான். அந்தச் செவுரு வழியா அந்தப் புள்ள இருமுனாகூட எனக்குக் கேக்கும்" என்று கத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. ஒரு வாளி அடுப்புச் சாம்பலை எடுத்தேன், பிள்ளைகளைக் கூப்பிட்டேன், நேராக உன் வாசலுக்கு வந்தேன். சாம்பலைக் கையால் தூவித் தூவி நம் ஊரை வரைய ஆரம்பித்தோம். இது லயம், இது பேக்டரி, இது பள்ளிக்கூடம், இது ஆனை படுக்கிற யூக்காலி மரக்காடு. வாண்டுகள் சிரிக்கத் தொடங்கியதும் அக்கா கையில் முறத்தோடு வெளியே வந்தார்.

"ஏ ரோஸ்லி, உனக்குக் கூறு இருக்கா? வருசம் திரும்பல. தாய் செத்த வீட்டு வாசல்ல சிரிப்புச் சத்தம் கேட்டா ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்க்கா. இந்தப் புள்ள பேசி எத்தனை நாளாச்சுன்னு அந்த ஊரு ஒரு நாளாச்சும் வந்து கேட்டுச்சா?"

"உங்க வேதத்துல எப்படியோ. எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"முறைய நான் குத்தம் சொல்லலக்கா. விளக்கேத்துங்க, நானும் வந்து நிக்கேன். ஆனா செத்தவளுக்கு மரியாதைன்னு சொல்லி, அவ ஆசையா செஞ்சத எல்லாம் பூட்டி வச்சா, அவளுக்கு என்னத்த மிச்சம் வச்சிருக்கோம் நாம?"

பிள்ளைகள் சாம்பல் கையோடு விழித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது என் ஜெனிதான் கேட்டாள். "அம்மா, செல்வி போகப்போற ஊரு இதுல எங்க இருக்கு?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எனக்கு வரவே வராது என்று சொன்னேனே, அது அன்று வந்தது. பேக்டரிக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்து, "இதான் சங்கரன்கோவில். பக்கந்தான்" என்றேன்.

"அங்க இல்ல."

கதவோரத்திலிருந்து. குரல் உடைந்து, கரகரவென்று. ஆனால் செல்வியின் குரல்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன். "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

இறங்கி வந்தாள். என் கையிலிருந்து வாளியை வாங்கினாள். லீவுக்கு நீ அவளை ஊருக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் தூங்கவிடாமல் ஒவ்வொரு ஊர்ப் பலகையாக வாசிக்க வைப்பாயே, அதெல்லாம் வரிசையாக வந்தது. பூப்பாறை என்றாள். போடிமெட்டு என்றாள். கொண்டை ஊசி வளைவுக்கு அவளே வளைந்து வளைந்து நடந்தாள். போடி, தேனி. வாசல் முடிந்துவிட்டது. சாக்கடையைத் தாண்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். குழாயடிக்குப் போய்விட்டாள், சாம்பல் தீர்ந்துவிட்டது, சங்கரன்கோவில் இன்னும் வரவில்லை. காலி வாளியோடு அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, இங்க இருந்து பாத்தா எங்க அம்மா வீடு தெரியல. நான் வரல. நீங்க வேணா நம்ம வீட்லயே இருந்துக்கோங்க."

அக்கா முறத்தைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். குழாயடி வரை போன அந்தச் சாம்பல் தடத்தைப் பார்த்தார். "அவ இங்கனயே படிக்கட்டும்க்கா" என்றார். அவ்வளவு மாதத்தில் அவர் ஒன்றை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா வாய்விட்டு அழுதார். மறைக்கவில்லை. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சாம்பல் பத்தலன்னா எங்க அடுப்புல கெடக்கு, அள்ளிக்கோ. ஊரு பாதியில நிக்குல்லா" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் செல்வி மறுபடியும் ஊமையாகிவிடுகிறாள். பெருக்கல் பாதியில் எழுந்து போய்விடுகிறாள், பின்னாலேயே ஜெனி போகிறாள். லயத்தில் இன்னும் என்னைப் பேசுகிறார்கள், துக்க வீட்டு வாசலில் கூத்து நடத்துகிறவள் என்று. பேசுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பூசை முடிந்து நான் வருவதற்கு முன்னாலேயே வந்து உன் படியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை. ஆறும் ஏழும் பதினாலு என்று எனக்கும் இப்போது நன்றாகவே சொல்ல வருகிறது.

சில சமயம் நீ கோபித்துக்கொள்வாயோ என்று தோன்றும். வருஷம்கூடத் திரும்பவில்லை, இவள் என் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே என்று. கோபித்துக்கொள், பரவாயில்லை. திங்கள் முதல் சனி வரை கொழுந்து கிள்ளுகிறபோது பக்கத்து வரிசை காலியாகத்தான் இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் அங்கே நின்று அழுகிறேன். உனக்கென்று அந்த ஆறு நாளையும் எடுத்துக்கொள், மதினி. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேட்காதே, தரமாட்டேன்.